நிலம் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளருமா? பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு செம்பனைக் கணக்கு

ஆறாங்கட்டை | 2 மார்ச், இரவு 9.10

பொருளாதாரம் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர வேண்டும் என்று பேசுகிறார்கள். மலேசியாவின் சிலாங்கூரில், நம் பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) சுற்றி இருப்பது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. நிலம் ஓர் அடிகூடக் கூடப்போவதில்லை. ஆனால் கன்றை மாற்றினால், உரத்தைக் கூட்டினால், இயந்திரம் வந்தால் விளைச்சல் ஏறிக்கொண்டே போகும், நிலம் போதாது என்ற பேச்சே வேண்டாம் என்கிறார் ஒருவர். இது சரியா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உரக்கணக்கு | 2 மார்ச், இரவு 10.45

சரியில்லை தம்பி. 5 விழுக்காடு என்றால் 14 ஆண்டில் இரட்டிப்பு. செம்பனையின் ஆயுள் 25 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நடும் கன்றைச் சாய்க்கும் நாளில் விளைச்சல் 3.4 மடங்காக இருக்க வேண்டும்.

இப்போது ஹெக்டருக்கு எண்ணெய் 3.6 டன் என்று வைப்போம். நல்ல மண்ணில், உரம் தவறாமல், குலை வெட்டும் சுற்று தவறாமல் பார்த்துக்கொள்ளும் பிளாக்கில் 6, 7, அபூர்வமாக 8 டன் வரும். 3.6இலிருந்து 5 விழுக்காடாக ஏறினால் 8ஐத் தொட 16 ஆண்டுதான். ஒரு மரத்தின் ஆயுள்கூட இல்லை. இலைப்பரப்பையும் வெயிலையும் வைத்துப் பயிரியலார் கணக்கிட்ட உச்சவரம்பு சுமார் 18 டன். எந்தத் தோட்டமும் அதன் பக்கத்தில் போனதில்லை. அதையும் 33 ஆண்டில் தொட்டுவிடுவோம். 34ஆம் ஆண்டு என்ன செய்வது?

கொதிகலன் | 3 மார்ச், காலை 6.50

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. நாட்டின் சராசரி எண்ணெய் விளைச்சல் எண்பதுகளின் நடுவிலிருந்தே மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. சில ஆண்டுகளில் அதற்கும் கீழே போயிருக்கிறது. ஏறவே இல்லை.

உரக்கணக்கு | 3 மார்ச், இரவு 8.30

அதுதான் விஷயம். நாற்பது ஆண்டாக ஹெக்டர் கணக்கு நிற்கும்போது நாட்டின் மொத்த உற்பத்தி எப்படி ஏறியது? நிலத்தால். 1960இல் செம்பனை 55,000 ஹெக்டர். 1975இல் 6 லட்சத்து 40 ஆயிரம். 1990இல் 20 லட்சம். 2020இல் 58 லட்சத்துக்கு மேல். 65 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று அரசு 2019இல் அறிவித்தது. நிலத்தைக் கூட்டி வளர்வது அந்த வேலியோடு முடிகிறது.

அதற்கு முன் ஏறிய ஏற்றங்களையும் பாருங்கள். நம் பக்கத்துத் தென்னமராம் தோட்டத்தில் 1917இல் நட்டது டூரா, கொட்டை ஓடு தடித்த ரகம். அறுபதுகளில் டூராவையும் ஓடில்லாத பிசிபெராவையும் கலந்து வந்த தெனெராவுக்கு மாறினார்கள். ஓடு மெலிந்து சதை கூடியது, அதே எடைக் குலையில் எண்ணெய் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியது. பெரிய ஏற்றம்தான், ஆனால் ஒரே ஒரு முறை. ஓட்டை இன்னொரு தடவை மெலியவைக்க முடியாது.

அடுத்தது வண்டு. 1981 வரை பெண் பூவுக்கு மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து கையால் ஊதினார்கள். கேமரூனிலிருந்து எலேடோபியஸ் வண்டைக் கொண்டுவந்து குளுவாங் பக்கம் விட்டார்கள். ஓரிரு ஆண்டில் நாடு முழுவதும் பரவிவிட்டது. காய் பிடிப்பு ஏறியது, கைவேலை நின்றது. அதுவும் ஒரு முறைதான்.

2020க்குள் ஹெக்டருக்கு 35 டன் குலை, 25 விழுக்காடு எண்ணெய் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். கிட்டவே போகவில்லை. குலை 20 டன்னுக்குக் கீழே, எண்ணெய் 20 விழுக்காட்டை ஒட்டி. இதில் அறிவியலாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதை நல்ல விதைதான். வயதான மரம், வெட்ட ஆளில்லாத வயல், சரிந்த நிலம், தவறிய உரம், இவை நான்கும் அந்த விதையை வளரவிடவில்லை.

ஆறாங்கட்டை | 3 மார்ச், இரவு 9.05

அண்ணே, பொருளாதார வளர்ச்சி என்பது டன் கணக்கு இல்லையே, வெள்ளி (ரிங்கிட்) கணக்கு. கச்சா எண்ணெயாக விற்காமல் சோப்பு மூலப்பொருள், வைட்டமின் என்று விற்றால் அதே மரத்திலிருந்து பணம் கூடும் அல்லவா?

உரக்கணக்கு | 3 மார்ச், இரவு 11.20

கூடும். இதை ஒப்புக்கொள்கிறேன். நேற்று எழுதியதில் டன்னையும் வெள்ளியையும் ஒன்றாகப் பார்த்துவிட்டேன்.

ஆனால் இரண்டு கேள்வி. அந்த ஆலைகள் எங்கே? கிள்ளான் துறைமுகத்திலும் பாசீர் கூடாங்கிலும். மதிப்பு ஏறுவது அங்கே, மண் இறங்குவது இங்கே. இரண்டாவது, அந்த வேலைக்கும் நீராவி வேண்டும், ஹைட்ரஜன் வேண்டும், மெத்தனால் வேண்டும். ஒரு வெள்ளிக்கு ஆகும் எரிபொருள் குறையலாம், வெள்ளி அதைவிட வேகமாகக் கூடினால் மொத்த எரிபொருள் ஏறத்தான் செய்யும். 1865இல் ஜெவன்ஸ் நிலக்கரியை வைத்துச் சொன்னது இதைத்தான்: நீராவி இயந்திரம் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு கூடியது. செம்பனையிலும் தெனெரா வந்து ஏக்கர் லாபம் கூடியதும், இருந்த நிலம் போதும் என்று யாரும் நிற்கவில்லை. ரப்பர் பால்மரத்தைச் சாய்த்து நட்டார்கள், பிறகு காட்டைச் சாய்த்து நட்டார்கள்.

பத்து ஏக்கர் | 4 மார்ச், மதியம் 1.15

ஐயா, பெரிய கணக்கு புரிகிறது. என் மாதிரி ஆளுக்கு உரம்தான் கேள்வி. 2022இல் பொட்டாஷ் விலை ஏறியபோது பாதி ஆட்கள் உரமே போடவில்லை. உரம் தீர்ந்துபோகும் பொருளா?

உரக்கணக்கு | 4 மார்ச், இரவு 9.40

இந்த இழையில் இதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு டன் குலை தோட்டத்தை விட்டுப் போகும்போது அதோடு போவது: நைட்ரஜன் 2.9 கிலோ, பாஸ்பரஸ் 0.44, பொட்டாசியம் 3.7, மக்னீசியம் 0.77. அறுபதுகளில் நம் மலாயா மண்ணில் அளந்த கணக்கு, இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

உங்கள் 10 ஏக்கர் 4 ஹெக்டர். 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் ஹெக்டருக்கு 142, ஆக சுமார் 560 மரம். ஹெக்டருக்கு 18 டன் என்றால் ஆண்டுக்கு 72 டன் குலை. அதில் போகும் பொட்டாசியம் 267 கிலோ. எம்.ஓ.பி. என்ற பொட்டாஷ் உரமாக மாற்றினால் 536 கிலோ, 50 கிலோ மூட்டையில் 11. பாஸ்பரஸுக்குப் பாறைப் பாஸ்பேட் 5 மூட்டை. நைட்ரஜனுக்கு யூரியா என்றால் 9, அம்மோனியம் சல்பேட் என்றால் 20. மக்னீசியத்துக்குக் கீசரைட் 7.

இது குலையில் போனது மட்டும். மழை அடித்துப்போவது, தண்டு வளரப் பிடித்துக்கொள்வது வேறு. அதனால்தான் மரத்துக்கு 1 கிலோ எம்.ஓ.பி. என்று கணக்கு வந்தாலும் முதிர்ந்த மரத்துக்கு இரண்டரை, மூன்று கிலோ போடச் சொல்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறது? பொட்டாஷ் கனடா, ரஷ்யா, பெலாரஸ் சுரங்கங்களிலிருந்து. மலேசியாவில் ஒரு சுரங்கமும் இல்லை. பாஸ்பேட் மொரோக்கோ, எகிப்து, ஜோர்தான், கிறிஸ்மஸ் தீவு. தோட்டங்களில் சி.ஐ.ஆர்.பி. என்று சொல்வோமே, அந்த முதல் இரண்டு எழுத்து கிறிஸ்மஸ் தீவுதான். ஒரு சின்னத் தீவைத் தோண்டி நம் மரத்தடியில் கொட்டியிருக்கிறோம். நவ்ரு தீவைப் பாருங்கள்: பாஸ்பேட்டைத் தோண்டி எடுத்தபின் நடுத்தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள், ஒன்றும் நட முடியாது. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து.

ஆக, செம்பனை வெயிலில் விளைகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி கப்பலில் வருகிறது.

உரக்கணக்கு | 4 மார்ச், இரவு 10.10

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. சுத்தமான எண்ணெயில் இருப்பது கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன். மூன்றும் காற்றும் தண்ணீரும் வெயிலும் கொடுத்தது. பொட்டாஷ் எண்ணெயில் போவதில்லை, வெறுங்குலையிலும் (பழத்தைப் பிரித்தபின் மிஞ்சும் குலை) நாரிலும் ஆலைக் கழிவுநீரிலும் தங்கிவிடுகிறது. அதாவது எண்ணெயை மட்டும் விற்றுவிட்டு மிச்சத்தையெல்லாம் மண்ணுக்குத் திருப்பினால் மண் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

நம் ஊர் ஈய லம்பத்துக்கு (வெள்ளீயச் சுரங்கத்துக்கு) இது வாய்க்கவில்லை. ஈயம் தோண்டும் கப்பல் எடுத்ததெல்லாம் போனது போனதுதான். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் நின்றபோது விலை விழுந்தது, கப்பல்கள் நின்றன. மிச்சம் லம்பக் குட்டைகள். செம்பனையை அப்படி ஆக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெறுங்குலையைத் திருப்பிப் போட்டால் பொட்டாஷ் வாங்கவே வேண்டாம்.

கொதிகலன் | 5 மார்ச், காலை 7.05

அண்ணே, கடைசி வரி தவறு. ஆலைப் பக்கத்திலிருந்து கணக்கு சொல்கிறேன்.

ஆண்டுக்கு 2 லட்சம் டன் குலை அரைக்கும் ஆலை. வெறுங்குலை 23 விழுக்காடு, 46,000 டன். ஒரு டன் வெறுங்குலையில் சுமார் 19 கிலோ எம்.ஓ.பி.க்குச் சமமான பொட்டாஷ், ஆக 890 டன் எம்.ஓ.பி. சின்னத் தொகை இல்லை. ஆனால் குலையில் வந்த பொட்டாசியத்தில் இது 60 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பகுதி கழிவுநீரில், கொஞ்சம் கொதிகலன் சாம்பலில்.

அடுத்து, பரப்பு. ஹெக்டருக்கு 40 டன் போடுகிறோம். 46,000 டன் 1,150 ஹெக்டருக்கு வரும். 2 லட்சம் டன் குலை எத்தனை ஹெக்டரிலிருந்து வருகிறது? 20 டன் வீதம் பத்தாயிரம். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் ஓர் ஆண்டில் கிடைக்கும்.

வெறுங்குலையில் 65 விழுக்காடு தண்ணீர். 46,000 டன்னில் 30,000 டன் தண்ணீரை லோரியில் ஏற்றுகிறோம். அதனால்தான் ஆலைக்குப் பக்கத்து பிளாக்குகளுக்கே திரும்பத் திரும்பப் போகிறது, தூரத்து பிளாக் மூட்டை உரத்தை நம்பி நிற்கிறது.

உரக்கணக்கு | 5 மார்ச், இரவு 8.15

ஒப்புக்கொள்கிறேன். "வாங்கவே வேண்டாம்" என்பதை எடுத்துவிடுங்கள். "பாதிக்கு மேல் குறைக்கலாம், எல்லாவற்றையும் சரியாகச் செய்தால்" என்று படியுங்கள்.

சரியாகச் செய்வது என்றால்: பொட்டாஷ் தண்ணீரில் கரையும். ஆலை மேட்டில் மழையில் குவித்து வைத்தால் சில வாரத்தில் பெரும்பகுதி கசிந்து கால்வாயில் போய்விடும். மிச்சம் வெறும் நார். அந்த நாரை எடுத்துப் போட்டு "வெறுங்குலையால் பயனில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. வந்த சில நாளுக்குள் வயலுக்குப் போக வேண்டும். நிரைக்கு நடுவில் ஒரே அடுக்காக. இரண்டு மூன்று அடுக்குப் போட்டால் உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது இளங்கன்றின் குருத்தைத் தின்னும். மறுநடவு பிளாக்குக்குப் பக்கத்தில் இதில் அலட்சியம் கூடாது.

தூரத்துக்கு வழி, உரமாக மக்கவைப்பது. துண்டாக்கி, வரிசையாகக் குவித்து, கழிவுநீர் தெளித்து, புரட்டிப் புரட்டி இரண்டு மாதத்துக்கு மேல். எடை பாதிக்கும் கீழே வரும். ஆனால் மேலே கூரை வேண்டும், இல்லாவிட்டால் அதே மழைக்கதை.

வெறுங்குலையை எரிபொருளாக விற்கலாம் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. விற்றால் அந்த 890 டன்னைக் கப்பலில் திரும்ப வாங்க வேண்டும். விற்ற விலையில் அதைக் கழித்துவிட்டுத்தான் லாபம் என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய கணக்கை நான் பார்த்ததில்லை.

ஆறாங்கட்டை | 5 மார்ச், இரவு 9.30

கழிவுநீர் என்றதும் ஒன்று. ஆலைக் குட்டை நாற்றம் பற்றி லயத்துப் பக்கம் எப்போதும் பேச்சு. ஆறு சுத்தமாகிவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் நாற்றம்?

கொதிகலன் | 6 மார்ச், காலை 6.40

தம்பி, கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

ஒரு டன் குலைக்கு 0.65 கன மீட்டர் கழிவுநீர். பச்சையாக வரும்போது அதன் உயிர்வழி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம். நேராக ஆற்றில் விட்டால் மீன் மூச்சுவிடக் காற்று இருக்காது. 1977இல் சட்டம் வந்தது. 1978இல் 5,000க்குள், அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250, 1984இல் 100. ஆண்டுக்கு ஆண்டு படி இறக்கினார்கள். தொழில் நின்றுவிடவில்லை, அதே ஆண்டுகளில் ஆலைகள் பெருகின. நல்ல சட்டம் என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால் அந்தச் சட்டம் தண்ணீரை மட்டும் எண்ணியது. ஆலைகள் திறந்த குட்டைகளை வெட்டின. காற்றில்லாத குட்டையில் கிருமி அந்த அழுக்கைத் தின்று மீத்தேனாக விட்டது. ஆற்றுக்குப் போக வேண்டியது ஆகாயத்துக்குப் போனது. நீங்கள் முகர்வது அதோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு.

2 லட்சம் டன் ஆலைக்கு: கழிவுநீர் 1,30,000 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 28 கன மீட்டர் எரிவாயு, 36 லட்சம். அதில் 62 விழுக்காடு மீத்தேன், எடையில் சுமார் 1,500 டன். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு. ஆக 42,000 டன்னுக்குச் சமம், ஒரே ஓர் ஆலை. மூடிப் பிடித்து எஞ்சினில் எரித்தால் ஆண்டுக்கு சுமார் 80 லட்சம் யூனிட், ஏறக்குறைய 1 மெகாவாட் இடைவிடாமல்.

உரக்கணக்கு | 6 மார்ச், மதியம் 12.50

2020க்குள் எல்லா ஆலைகளிலும் மீத்தேனைப் பிடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது நாட்டின் ஏறத்தாழ 450 ஆலைகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஏன் என்று கொதிகலன் தம்பி எழுதட்டும்.

கொதிகலன் | 6 மார்ச், இரவு 8.55

கழிவுநீர் 80 டிகிரி சூட்டில் வரும், புளிப்பு அளவு (pH) 4 முதல் 4.5. தொட்டிக்குள் போகுமுன் ஆற வேண்டும். உச்சப் பருவத்தில் அவசரத்துக்கு அளவுக்கு மேல் ஊற்றினால் அமிலம் ஏறி மீத்தேன் கிருமி செத்துவிடும், திரும்ப எழுப்ப வாரக்கணக்கு ஆகும். மணலும் எண்ணெய்ப் படலமும் உள்ளே சேர்ந்து தொட்டியின் கொள்ளளவைத் தின்னும். வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 2,000 பிபிஎம்முக்கு மேல் வரும். அதை 200க்குக் கீழே கழுவாமல் எஞ்சினுக்கு விட்டால் எஞ்சின் எண்ணெய் புளித்துத் தாங்கிகள் அரித்துவிடும். காய்ப்புக் குறைந்த மாதத்தில் வாயு குறையும், எஞ்சின் அரைச் சுமையில் ஓடும்.

இதெல்லாம் தீர்க்கக்கூடியது. தீராதது கம்பி. மின்சாரம் விற்க மின்கட்டமைப்பு வரை கம்பி இழுக்க வேண்டும், உள்ளே தள்ளி இருக்கும் ஆலைக்கு அந்தச் செலவே திட்டத்தைக் கொன்றுவிடும். ஆலைக்கோ நாரும் ஓடும் எரித்து வரும் மின்சாரமே போதும்.

வாயு எடுத்தபின் பொட்டாஷ் போய்விடுமா என்று கேட்பார்கள். போகாது. போவது கரி மட்டும். அந்தத் தண்ணீரின் ஆக்சிஜன் தேவையை 5,000க்குக் கீழே கொண்டுவந்து நிரைக்கு நடுவில் வெட்டிய பாத்திகளில் பாய்ச்சலாம், சட்டம் அனுமதிக்கிறது. மேலே சொன்ன மிச்சப் பொட்டாஷ் அங்கேதான் இருக்கிறது.

பத்து ஏக்கர் | 7 மார்ச், காலை 10.20

உதிரிப்பழத்தை யாரும் சொல்லவில்லையே. குலைக்கு 5 பழம் மரத்தடி வட்டத்தில் கிடந்தால் என்ன ஆகும்?

உரக்கணக்கு | 7 மார்ச், மதியம் 2.00

நல்லவேளை கேட்டீர்கள் ஐயா. ஒரு பழம் 10 கிராம், 5 என்றால் 50 கிராம். உதிர்ந்தது பழுத்த பழம், அதில் 40 விழுக்காடு எண்ணெய். குலைக்கு 20 கிராம். 20 கிலோ குலை, ஹெக்டருக்கு 20 டன் என்றால் 1,000 குலை, 20 கிலோ எண்ணெய். பத்தாயிரம் ஹெக்டருக்கு 200 டன். டன் 4,000 வெள்ளி என்றால் 8 லட்சம் வெள்ளி வட்டத்தில் முளைத்துக் களையாகிறது. ஒரு மரம்கூடக் கூடுதலாக நடாமல், ஒரு மூட்டை உரம் போடாமல் கிடைக்கும் எண்ணெய். மட்டையும் புல்லும் இல்லாத சுத்தமான வட்டம் இருந்தால்தான் பொறுக்க முடியும். மழை மாதத்தில் வெட்டுச் சுற்று 10 நாளிலிருந்து 20க்குப் போனால் பொறுக்கி மாளாது, எண்ணெயின் தரத்தைக் குறைக்கும் கொழுப்பமிலமும் 5 விழுக்காட்டைத் தாண்டும்.

ஆனால் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். உதிரிப்பழம், மீத்தேன், வெறுங்குலை எல்லாம் ஓட்டையை அடைப்பது. ஓட்டையை ஒரு முறைதான் அடைக்கலாம். அதன் பிறகு ஆண்டுக்கு 5 விழுக்காடு ஓட்டை மிஞ்சாது.

உரக்கணக்கு | 8 மார்ச், இரவு 9.15

யோசித்தபின் இன்னொன்று. நான் பார்க்கும் எண் வளர்ச்சி விழுக்காடு இல்லை, மறுநடவு விழுக்காடு. 25 ஆண்டு ஆயுள் என்றால் ஒவ்வோர் ஆண்டும் 4 விழுக்காடு மரத்தைச் சாய்த்து நட வேண்டும். நாட்டில் சில ஆண்டுகளாக அதில் பாதியை ஒட்டித்தான் நடக்கிறது. விலை நன்றாக இருக்கும்போது யாருக்கும் மரத்தைச் சாய்க்க மனம் வராது, மூன்று ஆண்டு வருமானம் போகும். விலை விழுந்தால் கையில் காசு இருக்காது. மரம் 12 மீட்டரைத் தாண்டினால் அலுமினியக் கழியும் எட்டாது. இன்று கிடைக்கும் வருமானத்தில் ஒரு பகுதி உண்மையில் நாளைய கன்றின் பணம்.

சதுப்பு நிலம் இன்னும் மோசம். ராஜா மூசா சதுப்புக் காட்டுப் பக்கம் பாருங்கள். வடிகால் வெட்டினால் கரிமண் உலர்ந்து ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர் அமிழ்கிறது, காற்றில் எரிந்துபோவது போல. ஒரு மரத்தின் ஆயுளில் ஒரு மீட்டருக்கு மேல். நீர்மட்டத்தை 40 முதல் 60 சென்டிமீட்டரில் பிடித்தால் மெதுவாகும், நிற்காது. இரண்டாம், மூன்றாம் நடவில் வயல் ஆற்றுமட்டத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் தானாக வடியாது, பம்பு வேண்டும். அங்கே மண் திரும்புவதில்லை. 4 மார்ச் இரவு 10.10க்கு நான் வைத்த வாதம் எதுவும் சதுப்புக்குப் பொருந்தாது, அது ஈய லம்பம் மாதிரிதான். அந்தக் காடு பிடித்து வைக்கும் தண்ணீர்தான் தஞ்சோங் காராங் நெல்லுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.



 

உரக்கணக்கு | 8 மார்ச், இரவு 10.05

 

ஆற்றங்கரையையும் விட்டுவிட்டேன். கம்போங் குவாந்தான் மின்மினி பெரம்பாங் மரத்தில் மின்னுகிறது, ஆனால் அதன் புழு வளர்வது கரையின் ஈரத்தரையில், நத்தையைத் தின்று. கரைவரை செம்பனை நட்டுப் புல்மருந்து அடித்தால் மரம் நின்றாலும் பூச்சி இருக்காது. கரையோர இரண்டு மூன்று நிரையை மறுநடவில் விட்டுவிடுவதால் குறையும் குலை மிகச் சொற்பம். வெள்ளம் வரும் நிரை அவை, உரமும் அங்கே தங்காது.

பத்து ஏக்கர் | 9 மார்ச், காலை 8.30

ஐயா, என் 72 டன்னுக்கு வெறுங்குலை எவ்வளவு கேட்கலாம்? எங்கே போடுவது?

உரக்கணக்கு | 9 மார்ச், இரவு 8.40

16.5 டன். குலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லோரியிலேயே ஏற்றிக்கொள்ளப் பாருங்கள், தனி வாடகை கொடுத்தால் கட்டாது. அதில் 320 கிலோ எம்.ஓ.பி.க்குச் சமம் இருக்கிறது, ஆறு மூட்டை. ஹெக்டருக்கு 40 டன் வீதம் ஓர் ஏக்கருக்குச் சரியாக வரும். ஆக ஆண்டுக்கு ஓர் ஏக்கர், பத்து ஆண்டில் ஒரு சுற்று.

முதல் ஏக்கரை இலை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதிர்ந்த மட்டையில் ஆரஞ்சுப் புள்ளி சேர்ந்து சேர்ந்து படர்ந்திருந்தால் பொட்டாஷ் பசி, அங்கே தொடங்குங்கள். மட்டையில் வெயில் பட்ட பக்கம் மட்டும் மஞ்சளாகி நிழல் விழுந்த இடம் பச்சையாக இருந்தால் அது மக்னீசியம், அதற்குக் கீசரைட்தான். வெட்டுப் பாதையில் போடாதீர்கள், தள்ளுவண்டி போகாது. மட்டை அடுக்கும் நடுநிரையில், ஒரே அடுக்கு. அந்த ஏக்கருக்கு அந்த ஆண்டு எம்.ஓ.பி. வேண்டாம், அந்த மூட்டையை மற்ற ஒன்பதுக்குப் பிரியுங்கள்.